பாலிகையில் விழுந்த நரிப்பயறு

பாப்பா,

போனில் சொல்ல வேண்டியதை அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் மேஜை மேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதுவும் போக, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அரசாங்க ஆபீஸில் உட்கார்ந்து ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதியவள் நான். அதில் ஒன்றாவது யாருக்காவது சந்தோஷம் கொடுத்திருக்குமா என்பது சந்தேகம். பெற்ற பெண்ணுக்கு ஒன்று எழுதிப் பார்க்கிறேன். நீளமாகத்தான் இருக்கும். புதுச்சேரியில் உன் அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் முகிலன் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறான். கோயம்புத்தூரில் அவனுக்கு வேறு வேலை வந்திருக்கிறது. போவதா இருப்பதா என்று உன் பதிலுக்காகக் காத்திருக்கிறான். இதெல்லாம் நீ சொன்னதுதான். என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். "வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேம்மா. அவரு நல்லவருதான். எனக்குத்தான் கல்யாணம் ஒத்துவராது. அன்னைக்கே பாலிகை சொல்லிடுச்சுல்ல?" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எலும்பு முறிந்து படுத்தவர்களை எழுப்பி நடக்கவைக்கிற வேலை பார்க்கிறவள், ஒரு மண் கிண்ணத்தின் பேச்சைக் கேட்டுத் தன் வாழ்க்கையை முடிவு செய்வாளா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் முழுக்க உன் அப்பாதான் அதற்கு அகப்பட்டார். அப்புறம் யோசித்தபோது, அந்தப் பேச்சை உன் காதில் விழவைத்ததே நாங்கள்தான் என்று உறைத்தது. அதனால் அந்தக் கிண்ணத்தைப் பற்றி இந்த வாரம் நான் தெரிந்துகொண்டதை முதலிலிருந்து எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அவனுக்குப் பதில் சொல்.

பாலிகை என்றால் மற்ற வீடுகளில் ஒன்பது தானியம். நம் வீட்டில் பயறு மட்டும். உன் அப்பா வழியில் அப்படி ஒரு வழக்கம். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் மாற்றலாமா என்று கேட்டால் எல்லாருக்கும் கோபம் வரும். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், காவியும் சுண்ணாம்பும் பட்டை தீட்டிய மண் கிண்ணங்களில், ஊறவைத்த பச்சைப்பயறைச் சுமங்கலிகள் விதைத்துப் பாலும் தண்ணீரும் தெளிப்பார்கள். முகூர்த்தத்தன்று அது வெளிர்ப்பச்சையாக எழுந்து நிற்கும். மணவறையைச் சுற்றி எடுத்து வந்து, எல்லாம் முடிந்த பிறகு தண்ணீரில் கரைத்துவிடுவார்கள். மூன்று நாளில் பச்சைப்பயறு முளைக்காமல் என்ன செய்யும்? ஈரத்துணியில் முடிந்து சமையல்கட்டில் மறந்துவிட்டாலே மறுநாள் வால் விட்டிருக்கும். தோற்கவே வழியில்லாத பரீட்சை அது. அதில் உன்னைத் தோற்கடித்த பெருமை எனக்கும் உன் அப்பாவுக்கும் சரிபாதி சேரும்.

உன் கல்யாணம் நிச்சயமான வருஷம்தான் உன் அப்பா ஓய்வு பெற்ற கையோடு, குத்தகைக்கு விட்டிருந்த கோட்டுச்சேரி வயலைத் திரும்ப வாங்கித் தானே பயிர் வைக்கிறேன் என்று கிளம்பினார். அதுவரை அவருக்கு வயல் என்றால் வருஷத்துக்கு இரண்டு முறை மூட்டை வந்து இறங்குகிற இடம். எனக்கும் அவ்வளவுதான். ஆனால் சொந்தச் சாகுபடி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "கடைப் பயறெல்லாம் வேண்டாம். என் பொண்ணு பாலிகைக்கு நம்ம வயல் பயறுதான் போடணும்" என்று சம்பந்தி வீட்டார் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டேன். தை மாதம் அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நிற்கிற நெற்கதிருக்குள்ளேயே ஈரச் சேற்றில் பயறைத் தெளித்துவிடுவார்களே, நம் பக்கத்து வழக்கம், அதை அப்பாவும் செய்தார். மாசியில் காலம் தவறி ஒரு மழை வந்தது. கடைமடை நிலம், தண்ணீர் வடியவும் வழியில்லை. பயிர் அழுகிவிட்டது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நான் எல்லாரிடமும் அளந்துவிட்ட பிறகு எப்படிச் சொல்வார்?

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் துண்டு நிறைய நெற்றுகளை முடிந்துகொண்டு முகமெல்லாம் பல்லாக வந்தார். "நடு வயல்ல போனது போவட்டும். வரப்போரமும் வாய்க்கா மோட்டுலயும் தப்பிச்சுக் கெடந்துச்சு. இந்தா, ஒம் பொண்ணு பாலிகைக்கு" என்றார். இலையெல்லாம் கொட்டிக் காய்ந்த கொடியில் நெற்று மட்டும் தொங்கியதாம். பார்த்ததும் பயறு என்று பறித்திருக்கிறார். நான் வெயிலில் போட்டு, தட்டி, புடைத்தேன். மணி மணியாகச் சின்னதாக இருந்தது. தவிட்டு நிறமும் கறுப்பும் கலந்த மாதிரி ஒரு நிறம். மழையில் நனைந்து சிறுத்துக் கறுத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். பத்திரிகை அடிக்கக் கொடுத்து, சமையல்காரரிடம் பேசி, மண்டபத்துக்கு அலைந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரு பயறைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய எனக்கு ஏது பொழுது? டப்பாவில் கொட்டி மூடி வைத்தேன்.

வைகாசியில் உன் கல்யாணம். முகூர்த்தத்தன்று விடியலில் பாலிகைக் கிண்ணங்களைத் திறந்து பார்த்தால் மண் மண்ணாகவே இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் மட்டும் வெளிறிப்போய் இரண்டு மூன்று முளை. உன் அத்தை ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். "என்ன அண்ணி இது, ஒண்ணுமே மொளைக்கல?" என்றாள். நான் மல்லிகைச் சரத்தைச் சுற்றி வைத்து மறைத்தேன். வீடியோக்காரரிடம் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம் என்று சொன்னேன். அவர் நேராக அங்கேதான் திரும்பினார். உன் மாமியார் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்ல எல்லாம் ஒரு சாண் வளந்து நிக்கும் சம்பந்தி" என்று மெல்லச் சொன்னார். நீ தலை குனிந்து மாலையோடு உட்கார்ந்திருந்தாய். அதை நீ மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன். வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை உனக்கே நான் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. கொம்யூன் ஆபீஸில், பழைய ஆட்கள் மேரி என்று சொல்வார்களே அங்கே, கல்யாணப் பதிவுக்குக் கையெழுத்துப் போட்டு, விசா வந்து, நீ பாரிஸ் பக்கம் போனாய். பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்று எனக்குத் தெருவில் நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை. அங்கே போன கையோடு உன் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியவன் அவன். மொழி படிக்கப் போகிறேன் என்றதற்குக் கை நீட்டியவன் அவன். காரைக்காலில் அந்த மாதிரி எத்தனையோ குடும்பங்கள் மருமகளைத் தங்கமாக வைத்திருக்கின்றன. நாம் போய் விழுந்த இடம் அப்படி. குழம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் "மொளைக்காத பாலிகைதானே" என்று உன் மாமியார் சொன்னதாக ஒரு தடவை எழுதினாய். எத்தனை தடவை எழுதாமல் விட்டாயோ. நீ ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாய், மேலே படித்தாய், வேலையில் சேர்ந்தாய். உன்னை நினைத்து நான் பெருமைப்படாத நாள் இல்லை. இதை உன்னிடம் நேரில் சொன்னதில்லை என்பதால் எழுதிவைக்கிறேன்.

இனி இந்த வாரத்துக் கதை. செவ்வாய்க்கிழமை உன் அப்பா வயலிலிருந்து போன் செய்தார். "கொஞ்சம் கெளம்பி வா" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. பாம்பு கடித்துவிட்டதோ என்று ஆட்டோ பிடித்து ஓடினேன். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், வாய்க்கால் மேட்டில், செங்கல்லும் முள்ளும் கிடக்குமே, அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த மேடு முழுக்க ஒரு கொடி ஏறிப் படர்ந்து கிடந்தது. மூன்று பிளவாகப் பிரிந்த சின்ன இலை, மஞ்சளாகப் பூ, ஊசி ஊசியாகக் காய். நரிப்பயறு. யாருக்குத்தான் தெரியாது? வரப்பில் கிடக்கும், ஆடு மேயும், யாரும் விதைப்பதும் இல்லை, அறுப்பதும் இல்லை. இதைப் பார்க்கவா என்னைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்பா கொடியை விலக்கினார். அடியில் காவிப் பட்டை போட்ட உடைந்த கிண்ணம் ஒன்று கிடந்தது.

"இது எப்படிங்க இங்க வந்துச்சு? கடல்ல கரைச்சிட்டு வரேன்னு திருவேட்டக்குடிக்கு வண்டிய எடுத்துட்டுப் போனீங்களே?"

"வண்டியில பெட்ரோல் கம்மியா இருந்துச்சு. வாய்க்கால்ல தண்ணி வந்தா தானா கரையட்டும்னு இங்கயே கவுத்துட்டேன்."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்ல."

இப்படிப்பட்ட மனிதரோடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்பதையும் உன் முடிவில் கணக்கில் எடுத்துக்கொள். நான் கத்தி முடிக்கும்வரை அவர் பொறுமையாக நின்றார். பிறகு காய்ந்த நெற்று ஒன்றைப் பறித்து என் உள்ளங்கையில் உடைத்துக் கொட்டினார். மணி மணியாக, சின்னதாக, தவிட்டு நிறமும் கறுப்பும் கலந்து. விரலால் கிளறிப் பார்த்தேன், பாப்பா. என் முறத்தில் நான் புடைத்த பயறு அதுதான். அந்தச் செடியை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், அதன் விதையை ஒரு தடவையும் பார்த்ததில்லை. யாரும் அறுக்காத செடிக்கு விதையைப் பார்க்க என்ன அவசியம்? அப்பாவுக்கும் அப்படித்தான். இரண்டு அரசாங்க ஊழியர்கள் சேர்ந்து வயலையும் பார்க்காமல் பயறையும் பார்க்காமல் பெண்ணின் பாலிகையை நிரப்பியிருக்கிறோம்.

ஆனால் நரிப்பயறாகவே இருந்தாலும் அதுவும் பயறுதானே, அது ஏன் முளைக்கவில்லை என்று எனக்கு விடவில்லை. மடியில் கொஞ்சம் கட்டிக்கொண்டு வந்தேன். ஒரு கிண்ணத்தில் அதையும், இன்னொன்றில் கடைப் பச்சைப்பயறையும் ஊறப்போட்டேன். மறுநாள் பச்சைப்பயறு ஊதி வால் விட்டுவிட்டது. நரிப்பயறு அப்படியே கிடந்தது. விரலால் நசுக்கினால் கல். தண்ணீருக்குள்ளேயே கிடந்தும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அப்பா போனில் எங்கெங்கோ தேடிப் படித்துவிட்டு வந்து, தோல் கெட்டியான காட்டு விதையைக் கீறிவிட்டால்தான் தண்ணீர் இறங்கும் என்றார். பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் கடல்மணலைத் தூவி, ஒரு பிடி நரிப்பயறைப் போட்டு உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்தேன். உன் அப்பா பக்கத்தில் குந்திக்கொண்டு "போதும் போதும், உடைஞ்சிரும்" என்று உயிரை வாங்கினார். அதை ஊறவைத்து ஈரத்துணியில் போட்டோம். வெள்ளிக்கிழமை காலையில் துணியைப் பிரித்தால், முளைத்திருக்கிறது. ஒன்றிரண்டு அல்ல, முக்கால்வாசிக்கு மேல், வெள்ளை வெளேரென்று.

நான் சந்தோஷத்தில் கூச்சல் போட்டேன். உன் அப்பா துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "அப்ப பாப்பா மேல குத்தம் ஒண்ணும் இல்லல்ல?" என்றார்.

"எப்பங்க இருந்துச்சு?" என்றேன்.

அவர் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. நீ பெட்டியோடு வந்து இறங்கிய அன்றுகூட, "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டுவிட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த மனிதர். உன்னை அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, உனக்கே தெரியும். ஆனால் உள்ளே, உன் ராசியில் ஏதோ கோளாறு என்று அத்தனை வருஷமும் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். திட்டலாம் என்று வாயெடுத்தேன். எடுக்கும்போதே எனக்கு என் ஞாபகம் வந்தது. எத்தனை வீட்டுக் கல்யாணத்தில் பாலிகை தெளிக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இடுப்பு வலி என்று சொல்லிப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். என் கை பட்டால் அந்தப் பெண்ணுக்கும் முளைக்காமல் போய்விடுமோ என்ற பயம். எனக்கு இடுப்பில் ஒரு வலியும் இல்லை. ஆபீஸில் சகுனம் பார்த்து ஃபைல் அனுப்புகிறவர்களைக் கேலி செய்தே பொழுதைப் போக்கியவள் நான். இதை உன்னிடம் மறைத்திருக்கலாம். ஆனால் உன்னைப் பெற்ற நாங்களே நம்பியிருந்தோம் என்றால், நீ நம்பியதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதற்காக நீ வெட்கப்பட வேண்டாம். எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு விட்டுவிடு.

ஒன்று சொல்கிறேன். விதையைத் தேய்த்ததும் முளைத்தது அல்லவா, உடனே உன் அத்தை மாதிரி யாராவது வந்து, "பாத்தியா, கஷ்டப்பட்டாத்தான் முளைக்கும், ஒனக்கும் அப்படித்தான்" என்று கதை கட்டுவார்கள். அதை நம்பாதே. அந்த வீட்டில் நீ பட்டது உன்னை ஒரு நல்லதுக்கும் தயார் செய்யவில்லை. அது வெறும் அடி. அவன் இல்லாவிட்டாலும் நீ படித்திருப்பாய், வேலைக்குப் போயிருப்பாய், இதைவிடச் சீக்கிரம் போயிருப்பாய். தாங்கிக்கொள்கிற பெண் என்று யாராவது உன்னைப் புகழ்ந்தால் உஷாராக இரு; அடுத்து ஏதோ ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு யோசனையும் எனக்கு வந்தது. ஒருவேளை அன்றைக்குப் பாலிகை காடு மாதிரி வளர்ந்திருந்தால், நல்ல சகுனத்தில் நடந்த கல்யாணம் என்று நீ அங்கேயே இன்னும் பல வருஷம் இருந்திருப்பாயோ, முளைக்காததும் நல்லதுக்குத்தானோ என்று நினைத்தேன். நினைத்துவிட்டு என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். பார், பழையபடி அந்தக் கிண்ணத்திடமே போய் ஜோசியம் கேட்கிறேன். முளைத்திருந்தாலும் அவன் அவன்தான். முளைக்காவிட்டாலும் அவன் அவன்தான். கிண்ணத்தில் இருந்தது தப்பான பயறு. அவ்வளவுதான் அதன் கதை.

அந்தச் செடி மேல் இப்போது எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் மறுபடி வயலுக்குப் போய்ச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். நாம் பார்த்துப் பார்த்துத் தெளித்த பயறு மழையில் போய்விட்டது. இது முள்ளிலும் செங்கல்லிலும் பற்றிக்கொண்டு ஏறுகிறது. கைப்பிடி கிடைத்தால் ஏறும். கிடைக்காவிட்டால் தரையிலேயே போகும். ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை எல்லா இடத்திலும் கரைந்து போனபோது இந்த இடம் மட்டும் கரையவில்லையாம், வேர் பிடித்து வைத்திருக்கிறது. அப்பா வரப்புக்குக் களைக்கொல்லி அடிப்பதாக இருந்தார். இந்தப் பக்கம் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதன் விதையெல்லாம் ஒரே மழைக்கு முளைத்துவிடாதாம். ஒன்று இந்த வருஷம், ஒன்று அடுத்த வருஷம், ஒன்று அதற்கும் பிறகு. மண்ணுக்குள் கிடந்து தன் நேரம் வரும்போது எழுந்துகொள்ளும். நாம்தான் மூன்று நாளில் முளைக்கவில்லை என்று அதற்கு ராசியில்லாதது என்ற பட்டம் கட்டிவிட்டோம். உன் வயதுப் பெண்களுக்கெல்லாம் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது என்று போன பொங்கலுக்கு நான் பெருமூச்சு விட்டேன் அல்லவா, அந்தப் பெருமூச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆகவே நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. முகிலனைக் கல்யாணம் செய்துகொள் என்று கேட்கவில்லை. வேண்டாம் என்றால், முகிலனைப் பார்த்து வேண்டாம் என்று சொல். அவன் சிரிப்பு பிடிக்கவில்லை, கோயம்புத்தூர் பிடிக்கவில்லை, தனியாக இருப்பதுதான் பிடித்திருக்கிறது, எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கட்டும். அவை உன் காரணங்கள், நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். ஆனால் எனக்கு ஒத்துவராது, எழுதியிருக்கிறது, சொல்லிவிட்டது என்று மட்டும் சொல்லாதே. யாரும் எங்கேயும் எழுதவில்லை. உன் அப்பா செடியைப் பார்க்கவில்லை, நான் பயறைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. பயம் இருக்கும், இருக்கட்டும். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதே, சம்பளத்தை உன் பெயரிலேயே வைத்துக்கொள், கோபம் வந்தால் அவன் என்ன செய்கிறான் என்று பார். ஒருவன் சந்தோஷமாக இருக்கும்போது பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பஸ்ஸைத் தவறவிட்டபோது பார்க்க வேண்டும்.

நேற்று முகிலன் இங்கே வந்திருந்தான். நாகப்பட்டினத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் காரியத்துக்கு வருவதாகவும், போகிற வழியில் எங்களைப் பார்க்கலாமா என்று உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் வருவதாகவும் சொன்னான். அதனால் வந்தது உனக்குத் தெரியும். இங்கே என்ன நடந்தது என்பது தெரியாது. முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். சத்தமாகச் சிரிக்கிறான். டீயை உறிஞ்சிக் குடிக்கிறான், தெரு முனைவரை கேட்கிறது. மாப்பிள்ளை தேடு என்று என்னை விட்டிருந்தால் இவன் பக்கம் நான் திரும்பியிருக்க மாட்டேன்; ஆனால் நான் தேடிய லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே. அப்பா அவனை வயலுக்குக் கூட்டிப் போனார். நல்ல ஷூவோடு சேற்றில் இறங்கி, ஒரு ஷூ உள்ளேயே மாட்டிக்கொள்ள, ஒற்றைக் காலில் நின்றபடி சிரித்தானாம். கோபப்படவில்லையாம். அப்பா அதை இரண்டு தடவை சொன்னார். "ஷூ போச்சுன்னு மூஞ்சியச் சுளிக்கலயே அவரு" என்றார். அவரும் ஏதோ பரீட்சை வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார் போல.

பாலிகைக் கதையை அவனிடம் நான் சொல்லவில்லை. அது உன்னுடையது, சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். கிளம்பும்போது வாசல்படியில் உட்கார்ந்து ஷூவில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிக்கொண்டே, "அம்மா, ஒண்ணு கேக்கலாங்களா? அவங்க என்ன பதில் சொல்லுவாங்கன்னு நெனைக்கிறீங்க?" என்றான்.

அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் உன் முகத்தைப் பார்த்து "சம்மதமாம்மா?" என்று கேட்டார்கள். நீ வாய் திறப்பதற்குள், "அவளுக்கென்ன, சம்மதந்தான்" என்று பதில் சொன்னது நான். கூடத்தில் அத்தனை பேரும் சிரித்தார்கள். நீ என்ன சொல்ல இருந்தாய் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

நேற்றும் வழக்கம்போல என் வாய் தானாகத் திறந்தது. உன் அப்பா என்னைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாது தம்பி. அவளத்தான் கேக்கணும்" என்றேன்.

"சரிங்கம்மா" என்று எழுந்துகொண்டான். வண்டி தெரு திரும்பும்வரை நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். பதில் உன்னிடம்தான் இருக்கிறது, பாப்பா. எதுவானாலும் முதலில் அவனிடம் சொல். எங்களுக்குப் பிறகு தெரிந்தால் போதும்.

அன்புடன்,
அம்மா